இருவாயில் அரங்கு

நுழையும்முன்

பிறர் படைத்த கதைமாந்தராகத் தம்மைக் கருதிக்கொண்டு, பலர் கூடி ஒரு கதையை எழுதிச் செல்லும் விளையாட்டு இன்று இணையத்தில் இளையோரை ஈர்த்து வருகிறது. அதனைக் காலவிரயம் என்போரும் உளர். கற்பனைக்குக் களம் என்போரும் உளர். வேடம் புனைதலைத் தமிழ் மரபு எவ்வாறு கண்டது? அவ்விளையாட்டில் சேர விரும்பும் மாணவர் எதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

திரையில் ஓர் அரங்கு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனத் தொடரும் புறநகர்ப் பகுதி தொழிலால் வளர்ந்த நிலம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் உருவாயின. அவற்றை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். வயல்கள் இருந்த இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. இன்று அங்கு வாழும் மேனிலை வகுப்பு மாணவருக்குப் பள்ளி, தனிப்பயிற்சி வகுப்பு, பேருந்திலும் மின்தொடர்வண்டியிலும் செல்லும் பயணம் ஆகியவை போக எஞ்சும் பொழுது சிறிது. ஓடியாடத் திறந்த வெளியும் சிறிது. பெற்றோருள் ஒருவர் இரவுப்பணிக்குச் சென்றிருக்கும் வீட்டில், அச்சிறுபொழுதைப் பெரும்பாலும் திறன்பேசியே எடுத்துக்கொள்கிறது.

அத்தகைய வீடொன்றில் பதினாறு வயது மாணவி ஒருத்தி, பாடங்களை முடித்தபின் திறன்பேசியைத் திறந்து, குந்தவையின் பேச்சாக நான்கு வரி எழுதுகிறாள் எனக் கொள்ளலாம். வேறோர் ஊரில் இருக்கும் ஒருவர் வந்தியத்தேவனாக அதற்கு மறுமொழி எழுதுகிறார். மூன்றாமவர் ஆழ்வார்க்கடியானாக இடையில் நுழைகிறார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் மூவரும் சேர்ந்து, கல்கி எழுதாத ஒரு காட்சியை எழுதிக்கொண்டிருக்கின்றனர். இதுவே இணையவழி வேடமேற்பு விளையாட்டு. இளையோர் இதனை ‘ரோல்பிளே’ என்பர்.

இதன் வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பழைமையுடையது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதை பேசி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டு, பலர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகினுள் நுழைய வழிவகுத்தது. அதில் படமே இல்லை, அனைத்தும் எழுத்து. பின்னர்ப் புகழ்பெற்ற புதினங்களின் உலகங்களே ஆடுகளமாயின. டோல்கீனின் புதினத்தை அடிப்படையாகக் கொண்ட இணைய விளையாட்டு 2007இல் வெளிவந்தது. பெருநிறுவனங்களின் இத்தகைய படைப்புகளுக்கு அருகிலேயே, எழுத்தை மட்டும் நம்பிச் சிறு குழுக்கள் ஆடும் எளிய வடிவமும் நிலைபெற்றது. இக்கட்டுரை கருதுவது அவ்வெளிய வடிவத்தையே.

அத்தகைய குழுவில் சேர்வதற்கும் ஒரு முறை உண்டு. குழுவை நடத்தும் நெறியாளர் எந்தக் கதையின் உலகம் களமாகிறது, அக்கதையின் எந்தக் கட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்குகிறது என்பவற்றை முன்னரே அறிவிப்பார். சேர விரும்புபவர் இன்னும் எவரும் ஏற்காத பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது அவ்வுலகிற்குப் பொருந்தும் புதிய பாத்திரம் ஒன்றைப் படைக்க வேண்டும். அப்பாத்திரத்தின் இயல்பு, பின்னணி, விருப்பு வெறுப்பு ஆகியவற்றை எழுதி, பாத்திரத்தின் குரலில் ஒரு பகுதியையும் மாதிரியாக அனுப்ப வேண்டும். ஏற்கப்பெற்ற பின்னரே ஆட்டத்தினுள் நுழையலாம். நுழைந்தபின் கட்டுப்படுத்தும் முதன்மையான விதி ஒன்று உண்டு. தம் பாத்திரம் என்ன செய்தது என்று மட்டுமே ஒருவர் எழுதலாம். பிறருடைய பாத்திரம் என்ன செய்தது என்று எழுதலாகாது. ‘நான் வாளை வீசினேன்’ எனலாம். ‘நீ வீழ்ந்தாய்’ எனக் கூடாது. வீழ்வதா, விலகுவதா என்பதை எதிரில் ஆடுபவரே முடிவுசெய்வார்.

அச்சமும் அதன் அளவும்

இவ்விளையாட்டைப் பற்றி அறியும் பெற்றோர் முதலில் அஞ்சுவது இயல்பு. இணைய விளையாட்டு என்ற சொல்லே இன்று பல குடும்பங்களில் பணத்தையும் உயிரையும் இழந்த செய்திகளை நினைவூட்டுகிறது. அவ்விழப்புகளின் விளைவாகவே தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து, இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. ஆனால், பணம் வைத்து ஆடுவதும் பாத்திரம் ஏற்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னதில் ஒருவர் தோற்றால்தான் மற்றவர் வெல்ல முடியும். பின்னதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கதை நன்றாக அமைந்தால் அனைவர்க்கும் மகிழ்ச்சி, அமையாவிடில் அனைவர்க்கும் ஏமாற்றம்.

அவ்வாறாயின், அஞ்சுவதற்கு ஏதுமில்லையா? உண்டு. ஆனால், அவ்வச்சம் பாத்திரத்தின் மீதோ கற்பனையின் மீதோ எழ வேண்டுவதன்று. பிறராக ஆகிப் பார்ப்பது மனிதப் பண்பு. சிறுவர் சோறு சமைத்து விளையாடும்போது தாயாகின்றனர். பேருந்து ஓட்டி விளையாடும்போது ஓட்டுநராகின்றனர். வேடத்தினுள் நுழைவது தவறன்று. நுழைந்தவர் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதே வினவத்தக்க வினா. இவ்வினாவைத் தமிழ் மரபு நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

ஆயர்பாடியில் ஓர் ஆட்டம்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை, பலர் கூடிக் கதைமாந்தராக மாறி ஆடும் ஆட்டத்தைத் தமிழில் விரிவாகக் காட்டும் பகுதி. மதுரையின் புறத்தே உள்ள ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்களில் நீர் வழிகிறது, ஆநிரை நடுங்குகிறது. துன்பம் ஒன்று வரவிருப்பதை உணர்ந்த மாதரி, முன்னொரு காலத்தில் கண்ணன் தன் தமையனோடும் பின்னையோடும் ஆடியதாக வழங்கும் குரவையைக் கண்ணகி காண ஆடலாம் என்கிறாள்.

உடனே ஏழு கன்னியர் வட்டமாக நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு இசைப்பெயர்கள் அவர்களுக்கு இடப்படுகின்றன. குரல் என்னும் பெயருடையவள் கண்ணனாகிறாள், இளி பலராமனாகிறாள், துத்தம் பின்னையாகிறாள். ஆயர்குலப் பெண்கள் தாம் கேட்டு வளர்ந்த கதையின் மாந்தராகவே மாறிக் கைகோத்து ஆடுகின்றனர். களம், விதி, பாத்திரப் பங்கீடு, புதிய பெயர் ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. இன்றைய இணையக் குழு கொண்டுள்ள கூறுகளுள் பெரும்பாலானவற்றை அவ்வாயர்பாடியில் காண முடிகிறது.

அக இலக்கியமும் இதே இயல்பு உடையது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போர் புலவர் பலர்க்கும் பொதுவான பாத்திரங்கள். யாரும் அவர்களைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. ஏற்றுப் பேசினால் போதும். அவர்களுள் எவர் எச்சூழலில் பேசலாம் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் களவியலும் கற்பியலும் விரித்துரைக்கின்றன. அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பதும் அவ்விலக்கணம் கூறும் விதி. கபிலர் பறம்பு நாட்டு வேள் பாரியின் நண்பர். அரசரிடம் துணிந்து பேசிய சான்றோர். அவரே குறுந்தொகையில் தலைவியாக நின்று கலங்குகிறார். தோழியாக நின்று ஆற்றுகிறார். அதனால் அவர் தம்மை இழந்துவிடவில்லை. பிறர் துயரை உள்ளிருந்து அறிந்தார். பிறராக நின்று பேசுவதற்கு விதி வகுத்ததன்றி, அதனை இழிவெனத் தமிழ் இலக்கணம் ஒதுக்கவில்லை.

திரை விலகும் முன்

சென்னையின் மேற்குப் புறநகர் அடங்கிய தொண்டைமண்டலம் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் பாரதக் கூத்தும் நிகழ்வது வடதமிழ்நாட்டு வழக்கம். ஊரார் அனைவரும் அறிந்த கதையே ஆடப்படுகிறது. துரியோதனன் வீழ்வான் என்பதை அறிந்தே மக்கள் விடியும்வரை விழித்திருக்கின்றனர். எவ்வாறு வீழப்போகிறான் என்பதைக் காணவே அவர்கள் வருகின்றனர்.

கூத்தில் ஒரு பாத்திரம் களத்தில் நுழையும் முறை கருதத்தக்கது. இருவர் பிடித்த திரையின் பின்னே வேடதாரி நிற்கிறார். பாடல் அவர் வருகையை அறிவிக்கிறது. திரை விலகியபின் கட்டியங்காரன் அவரை நெருங்கி யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று கேட்கிறான். வேடதாரி தம் குலத்தையும் பெருமையையும் எடுத்துரைக்கிறார். இன்றைய குழுவில் சேர விரும்புபவர் எழுதி அனுப்பும் பாத்திரக் குறிப்பின் வேலையை இவ்வுரையாடல் செய்கிறது.

கட்டியங்காரனின் பணி அத்துடன் முடிவதில்லை. அவன் கதையின் உள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். துரியோதனனிடம் பணிந்து பேசியவன், மறுகணமே அவையோரைப் பார்த்து ஊர்ச்செய்தி ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். கதை மிகவும் இறுகும்போது, இது கூத்து என்பதை நினைவூட்டுபவன் அவனே. இணையத்தில் பொறுப்புடன் ஆடுவோரும் இத்தகைய வழக்கம் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். பாத்திரமாகப் பேசுவதைத் தனியாகவும், பாத்திரத்திற்கு வெளியே நின்று தாமாகப் பேசுவதைப் பிறைக்குறிக்குள்ளும் எழுதுகின்றனர். ‘நாளை தேர்வு, இன்று இவ்வளவுதான்’ என்று குந்தவை கூற முடியாது, குந்தவையாக எழுதும் மாணவி பிறைக்குறிக்குள் கூறலாம். சிறியதாகத் தோன்றும் அப்பிறைக்குறியே அவ்விளையாட்டின் கட்டியங்காரன்.

கதையறிந்தார்க்கே வேடம்

இவ்விளையாட்டால் விளையும் நன்மைகளுள் தலையாயது, அது ஆழ்ந்து படிக்கச் செய்வதாகும். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கி இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதன் வந்தியத்தேவனாக எழுத முன்வருபவருக்கு அவன் வீரன் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. அவன் எப்போது பொய் சொல்வான், யார் முன் சொல் தடுமாறுவான், எந்த இடரையும் எவ்வாறு நகைச்சுவையாக்குவான் என்பனவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை படித்து மூடிவைத்த நூலால் அது கைகூடாது. தேர்வுக்காகப் படிப்பவர் பாத்திரத்தின் பண்புநலன்களை மனப்பாடம் செய்கிறார். பாத்திரமாகவே எழுதுபவர், புதியதொரு சூழலில் அப்பண்பு எவ்வாறு வெளிப்படும் என்று சிந்திக்கிறார். இரண்டனுள் பின்னதே இலக்கியக் கல்வி.

கல்கியின் ஆக்கமும் இத்தகையதே. வல்லவரையர் வந்தியத்தேவர் என்னும் பெயர் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் பெயராகக் காணப்படுகிறது. கல்லில் பெயராக மட்டும் நின்ற ஒருவருக்குக் குரலையும் குறும்பையும் காதலையும் அளித்தார் கல்கி. அவர்க்கு அருகில் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எனப் புதிய மாந்தரையும் படைத்து நிறுத்தினார். கல்கிக்குப்பின் அக்கதையின் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார் விக்கிரமன். பழைய கதையுலகம் புதிய எழுத்தாளரை உருவாக்கிய சான்று இது.

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூர் இதற்கு இன்னும் பழைய சான்றைத் தருகிறது. அவ்வூரில் பிறந்த சேக்கிழார், சுந்தரர் பதினொரு பாடல்களில் தொகுத்துப் பாடிய அடியார்களின் பெயர்களையும், நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்த செய்திகளையும் அடிப்படையாகக் கொண்டு பெரியபுராணம் என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். ஒரு வரியில் நின்றவர்க்கு ஊரும் உறவும் வாழ்வும் அமைந்தன. அவர் முன்னோர் சொன்னதை மாற்றவில்லை. சொல்லாமல் விட்டதை நிரப்பினார். பிறர் படைப்பினுள் நுழைபவர் பின்பற்றத்தக்க நெறி இதுவே.

இந்நெறிக்குச் சட்டத்தின் முகமும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் மறைந்தபின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. பிற எழுத்தாளர் பலரின் மாந்தர் அவ்வாறு பொதுவுடைமை ஆகாதவர்கள். நண்பர்கள் தமக்குள் எழுதி மகிழ்வது ஒன்று. பிறர் படைத்த பாத்திரத்தை விற்பனைக்கு வைப்பது மற்றொன்று. மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி எழுதுவது, எழுதக் கற்பவர் பழக வேண்டிய முதல் நேர்மை.

முகத்தை விழுங்கும் வேடம்

நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது நடுநிலை ஆகாது. வேடம் தன்னை அணிந்தவரை மாற்றும் ஆற்றல் உடையது. தி.க. சண்முகம் ஆண்மகனாக இருந்தும் ஔவையாராக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அன்று தொட்டு அவர் பெயரே ஔவை சண்முகம் ஆயிற்று. சென்னையில் அப்பெயரால் ஒரு சாலையும் உள்ளது. வி.சி. கணேசன் மேடையில் சிவாஜியாக நடித்தபின், சிவாஜி கணேசன் என்றே உலகம் அவரை அழைத்தது. ஆயினும் இவ்விருவர்க்கும் வேடத்தைக் களைய ஓர் ஒப்பனை அறை இருந்தது. அவர்களை இயற்பெயரால் அழைக்க வீட்டார் இருந்தனர். எதிரில் அமர்ந்து, நடிப்பைக் கண்டு, எழுந்து சென்ற அவையோர் இருந்தனர்.

திறன்பேசியில் ஆடும் மாணவருக்கு இம்மூன்றும் இல்லை. அவர் படுக்கும் இடமே மேடை, போர்வையே திரை. கூத்து விடியலில் முடியும். இணைய ஆட்டம் முடிவதே இல்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் அடுத்த வரியை எழுதி மறுமொழிக்குக் காத்திருக்கிறார். உறங்க எண்ணிய மாணவர் இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என நள்ளிரவைக் கடக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின், 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைநிலை இடம்பெற்றுள்ளது. தன்கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கு மேலாக விளையாட்டை வைத்தல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். இவை பொதுவாக ஓராண்டேனும் நீடிக்க வேண்டும் என்கிறது அவ்வகைப்பாடு. ஆகவே, ஓரிரவு விழித்திருந்த மாணவரை நோயாளி என்பது மிகை; ஓராண்டாக உறக்கமும் படிப்பும் நட்பும் குலைந்தவரை விளையாடுகிறார் என்று விட்டுவிடுவது அலட்சியம்.

இரண்டாவது இடர் முகமறியாமை. வந்தியத்தேவனாக எழுதுபவரின் வயதையும் நோக்கத்தையும் குந்தவையாக எழுதும் மாணவி அறிய இயலாது. நாள்தோறும் கதையில் துணைநின்றவர், நாளடைவில் நெருங்கிய நண்பராகத் தோன்றுவார். பாத்திரத்தின் மீது எழுந்த நம்பிக்கை அவ்வாறு ஆளின் மீது இடம்பெயர்கிறது. ஊர், பள்ளி, ஒளிப்படம், கைப்பேசி எண் ஆகியவற்றை ஒருவர் கேட்கத் தொடங்கும்போது அங்கே கதை முடிந்துவிட்டது என உணர வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்தம் தரவுகளைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை வேண்டுவது இத்தகைய இடர்களை முன்னிட்டே.

மூன்றாவது இடர் வேடத்தின் மறைவில் நிகழும் வன்சொல். ‘என் பாத்திரம்தான் அவ்வாறு பேசிற்று’ என்று கூறிப் பிறரைப் புண்படுத்துவோர் உண்டு. நேரில் கூறத் துணியாததை முகமூடி கூறச் செய்கிறது. பாத்திரம் சினம் கொள்ளலாம்; அச்சினத்தை எதிரில் உள்ளவரும் ஆட்டமாக ஏற்கிறாரா என்று அறிவது எழுதுபவரின் கடமை.

இரண்டு வாயில்கள்

மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை அளவு பிசகாமல் வருணிக்கிறது. ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் கொண்டது அவ்வரங்கு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு அங்கே விளக்கு அமைக்கப்பட்டது. அவ்வரங்கிற்கு வாயில்கள் இரண்டு: ஒன்று புகுவதற்கு, மற்றொன்று வெளியேறுவதற்கு. ஆடுபவர் உள்ளே வருவதை மட்டுமன்றி, வெளியே செல்வதையும் கருதியே அன்றைய அரங்கு அமைக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்: அவ்வரங்கில் மூவகைத் திரைகள் தொங்கவிடப்பட்டன. ஒருபுறத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறத்திலிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

இணைய விளையாட்டை உருவாக்குவோர் பெரும்பாலும் புகுவாயிலை மட்டுமே அகலமாகத் திறந்து வைக்கின்றனர். வெளியேறும் வாயிலை ஆடுவோரே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்கு வேண்டுவன அரியவை அல்ல. ஆட்டத்திற்கு முடிவுநேரம் ஒன்றைக் குறித்து, குழுவினர்க்கும் முன்னரே அறிவித்துவிடுவது முதல் தேவை. பாத்திரப் பேச்சையும் தன்பேச்சையும் எப்போதும் பிரித்து எழுதுவது அடுத்த தேவை. மனம் ஒவ்வாத காட்சி வரும்போது ‘போதும்’ என்று கூறும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளிக்காத குழுவில் சேராதிருப்பதும் அறிவுடைமை.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. தாம் எந்தக் குழுவில், எந்தப் பாத்திரமாக ஆடுகிறார் என்பதை நேரில் அறிந்த ஒருவரிடமேனும் மாணவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெற்றோராகலாம், அக்காவாகலாம், ஆசிரியராகலாம். அச்சுறுத்தலோ ஏமாற்றோ நேரும்போது, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால், அவ்வெண்களை அழைக்கும் துணிவு, வீட்டில் முன்னரே பேசிப் பழகியவர்க்கே எளிதில் வரும்.

இவ்விடத்தில் பெற்றோரின் பொறுப்பும் பெரிது. திறன்பேசியைப் பறித்து வைப்பதால் ஆட்டம் நிற்பதில்லை, மறைவிடத்திற்குச் செல்கிறது. மறைத்து ஆடுபவர் துன்பம் நேரும்போதும் மறைக்கிறார். ‘முதலில் ஏன் ஆடினாய்’ என்ற கேள்விக்கு அஞ்சியே அவர் வாய் திறப்பதில்லை. தடை என்று கருதிச் செய்யப்படுவது, பல வேளைகளில் இருந்த ஒரே வெளிவாயிலையும் அடைப்பதாக முடிகிறது. ‘இன்று உன் குந்தவை என்ன செய்தாள்?’ என்று கேட்கும் தாய், அவ்வாயிலில் விளக்கேற்றி வைக்கிறாள்.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. 1891இல் பம்மல் சம்பந்தனார் சென்னையில் தொடங்கிய சுகுணவிலாச சபையில், நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத கல்வியாளர் பலர் நடித்தனர். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய அவரே, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கித் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். பகலில் தத்தம் பணியைச் செய்தவர்கள் மாலையில் அரசராயினர். மறுநாள் மீண்டும் பணிக்குத் திரும்பினர். அத்தகைய சபையாகப் பள்ளி இலக்கிய மன்றம் செயற்படலாம். வாரத்தில் ஒரு பிற்பகல், கோவலனாகவும் மாதரியாகவும் பாண்டியனாகவும் மாணவர் மாறி மாறி எழுதிப் படிக்கலாம். முகமறிந்தவரோடு ஆடிப் பழகியவர், முகமறியாதவரோடு ஆடும்போதும் எல்லை அறிந்து நிற்பார்.

ஆட்டம் முடிந்தபின்

ஆயர்பாடியின் குரவை அங்கு நேரவிருந்த துன்பத்தைத் தடுக்கவில்லை. சிலம்பு விற்கச் சென்ற கோவலன் மதுரையில் கொல்லப்படுகிறான். குரவை முடிந்து மாதரி வையையில் நீராடச் செல்கிறாள். அதன் பின்னரே அச்செய்தி ஆயர்பாடியை வந்தடைகிறது. கதைமாந்தராக ஆடுவதால் உண்மையான துயரம் விலகாது என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

ஆனால், அவர் காட்டும் மற்றொன்றும் உண்டு. கணவனை இழந்த செய்தி கேட்டுப் பொங்கிய கண்ணகி, குரவைக்கு வந்து கூடிய ஆயமகளிரைத்தான் விளித்துப் பேசுகிறாள்; தன் கணவன் கள்வன் அல்லன் என்னும் வழக்கின் முதல் அவை அவர்களே. சற்றுமுன் கண்ணனாகவும் பின்னையாகவும் ஆடியவர்கள், அப்போது அயல்வீட்டுப் பெண்ணின் துயரைக் கேட்கும் பெண்களாக நின்றனர். வேடத்தினுள் நுழைந்தவர்கள் வேண்டிய பொழுதில் வெளியே வந்திருந்தனர்.

இணையக் குழுவில் சேர எண்ணும் மாணவர் தம்மை அளந்துகொள்ள இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. திரையில் ஓர் இளவரசியாக எழுதிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் இரவுப்பணி முடிந்து வந்த தாய் களைப்புடன் அழைத்தால், முதல் அழைப்பிலேயே எழுந்து செல்ல முடிகிறதா? முடியும் எனில், அவர் எந்தக் கதையினுள்ளும் அஞ்சாமல் நுழையலாம்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த புதினம் அல்லது காப்பியத்திலிருந்து ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இயல்பு, பின்னணி, விருப்பு வெறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் பாத்திரக் குறிப்பு ஒன்றை எழுதுக.

2. ஐவர் குழுவாகப் பிரிந்து, ‘மாதரியின் இல்லத்தில் கண்ணகியும் கோவலனும்’ என்னும் சூழலுக்கு உரையாடல் எழுதுக. பிறருடைய பாத்திரத்தின் செயலை எழுதாதிருக்கும் விதியைப் பின்பற்றுக.

3. ‘இணைய விளையாட்டைத் தடுப்பதே தீர்வு’ – ‘உரையாடலே தீர்வு’ என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.